குழாயில் நிறம் ஏன் மாறுகிறது? பாக்டீரியாவை அதன் உணவுப் பழக்கத்தால் அடையாளம் காணும் முறை

நுண்ணுயிரியல் படிப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் சந்திக்கும் செய்முறை இது. எண் மட்டும் எழுதிய ஒரு குழாயைக் கையில் கொடுப்பார்கள். உள்ளே வளர்ந்திருப்பது எந்த பாக்டீரியா என்று கண்டுபிடித்து, காரணத்தோடு எழுதித் தர வேண்டும். ஆய்வகப் பேச்சில் இதற்கு 'அன்நோன்' என்று பெயர்.

குழப்பம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வருகிறது. பாடநூல் அட்டவணையில் '+' என்று இருக்கும். குழாயோ '−' என்று காட்டும். பக்கத்து மேசையில் அதே பாக்டீரியா வேறு நிறம் காட்டும். அட்டவணையை மனப்பாடம் செய்தவர் இங்கே திகைத்து நிற்பார். அந்த நிறம் எந்த வினையால் வந்தது என்று தெரிந்தவர், தவறு எங்கே நடந்திருக்கும் என்று தேடத் தொடங்குவார். அதற்கு உதவும் அடிப்படைகள் இவை.

நுண்ணோக்கி எங்கே நின்றுவிடுகிறது

டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884இல் வெளியிட்ட சாயமேற்றும் முறைதான் இன்றும் முதல் படி. செல்சுவர் தடித்த பாக்டீரியாக்கள் ஊதா நிறத்தைப் பிடித்துக்கொள்ளும்; அவை கிராம் பாசிட்டிவ். சுவர் மெலிந்தவை ஊதாவை விட்டுவிட்டு, பின்னால் ஊற்றும் இளஞ்சிவப்பை ஏற்கும்; அவை கிராம் நெகட்டிவ்.

இப்போது ஐந்து கண்ணாடித் தகடுகளை வரிசையாக வைப்போம்: ஈ.கோலை, சால்மொனெல்லா, கிளெப்சியெல்லா, புரோட்டியஸ், சூடோமோனாஸ். ஐந்திலும் தெரிவது இளஞ்சிவப்புக் குச்சிகள்தான். முதலாவது நம் எல்லோர் குடலிலும் வாழ்வது. இரண்டாவதன் ஒரு வகை டைபாய்டு தருவது. உருவத்தைப் பார்த்து இவற்றைப் பிரிக்க அனுபவசாலிகளாலும் முடியாது.

அவை வேறுபடுவது எதைத் தின்கின்றன, எப்படி எரிக்கின்றன, எதைக் கழிவாக வெளியேற்றுகின்றன என்பதில். உணவை உடைத்து ஆற்றல் பெறுவதும், அந்த ஆற்றலால் உடலைக் கட்டிக்கொள்வதுமான வேதிவினைகள் அனைத்தையும் சேர்த்து வளர்சிதை மாற்றம் என்கிறோம். ஒவ்வொரு வினைக்கும் ஒரு நொதி வேண்டும். ஒவ்வொரு நொதிக்கும் ஒரு மரபணு வேண்டும். மரபணு இல்லையென்றால் நொதி இல்லை. நொதி இல்லையென்றால் வினை நடக்காது, நிறமும் மாறாது. மரபணுவை நேரில் படிக்கும் கருவி இல்லாத காலத்தில், அதன் விளைவைக் குழாயில் பார்க்க வழி கண்டார்கள். கல்லூரி ஆய்வகத்தில் இன்றும் செய்வது அதையேதான்.

முதலில் தூய வளர்ப்பு

எல்லாச் சோதனைக்கும் ஒரே காலனியிலிருந்து எடுத்த பாக்டீரியா வேண்டும். காலனி என்பது ஒரு செல்லிலிருந்தோ, ஒட்டியிருந்த சில செல்களிலிருந்தோ பெருகி, கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகத் திரண்ட கூட்டம். இரண்டு இனங்கள் கலந்திருந்தால் ஒன்று சர்க்கரையைப் புளிக்க வைக்கும், மற்றது யூரியாவை உடைக்கும்; அட்டவணையில் எங்குமே இல்லாத ஓர் உயிரி கிடைக்கும். பொருந்தாத முடிவு வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். மீண்டும் பெட்ரி தட்டில் கோடிழுத்து, தனித்த காலனி எடுத்து, கிராம் சாயமேற்றிச் சரிபார்ப்பது ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாளை மிச்சப்படுத்தப் போய் ஒரு வாரத்தை இழப்பவர்கள் உண்டு.

சுவாசமா, நொதித்தலா

பாக்டீரியா குளுக்கோஸை இரண்டு வழிகளில் பயன்படுத்தலாம். ஆக்சிஜன் போன்ற ஒன்றிடம் எலக்ட்ரான்களை ஒப்படைத்து முழுமையாக எரிப்பது சுவாசம். அப்படி ஒப்படைக்க வெளியே ஆள் இல்லாமல், சர்க்கரையிலிருந்தே கிடைத்த பொருளிடம் எலக்ட்ரான்களைத் தள்ளிவிட்டு, அமிலத்தையோ ஆல்கஹாலையோ வெளியேற்றுவது நொதித்தல். இட்லி மாவு புளிப்பதும் தயிர் உறைவதும் இரண்டாவது வழியில்தான்.

சர்க்கரைச் சோதனைக் குழாய் இந்தப் புளிப்பைக் கண்ணுக்குக் காட்டுகிறது. உள்ளே பெப்டோன் (சிறு துண்டுகளாக உடைத்த புரதம்), ஒரே ஒரு சர்க்கரை, ஃபீனால் ரெட் என்ற நிறங்காட்டி. அமிலம் சேர்ந்தால் சிவப்பு மஞ்சளாகும். வாயுவும் வருகிறதா என்று பார்க்க, குழாய்க்குள் ஒரு சின்னக் குழாயைக் கவிழ்த்து வைப்பார்கள். வாயு அதில் குமிழாகத் தங்கும். 1898இல் இதை அறிமுகப்படுத்திய ஹெர்பர்ட் டர்ஹாம் பெயரால் அது டர்ஹாம் குழாய்.

அமிலம் என்பது இங்கே மறைமுகச் சான்றுதான். குழாயில் சர்க்கரையோடு பெப்டோனும் இருக்கிறது. சர்க்கரை தீர்ந்ததும் பாக்டீரியா பெப்டோனைத் தின்னத் தொடங்கும். அப்போது வெளிவரும் அமோனியா காரத்தன்மை உடையது. நேற்று மஞ்சளாக இருந்த குழாய் நாளை மறுநாள் சிவப்பாகத் திரும்பலாம். பாக்டீரியாவின் குணம் மாறவில்லை. நாம் தாமதமாகப் பார்த்தோம்.

வினாடிகளில் முடியும் இரண்டு சோதனைகள்

1. கேட்டலேஸ். ஆக்சிஜனோடு வாழும் உயிரிகளுக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகிக்கொண்டே இருக்கும், அது நஞ்சு. கேட்டலேஸ் அதை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கும். 3% பெராக்சைடு ஒரு துளி விட்டால் நுரைக்கும். கிராம் பாசிட்டிவ் கோளங்களில் ஸ்டாஃபிலோகாக்கஸ் நுரைக்கும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நுரைக்காது. ரத்தம் கலந்து உறைய வைத்த வளர்ப்பு ஊடகமான ரத்த அகாரிலிருந்து காலனி எடுக்கும்போது ஊடகத்தைச் சுரண்டக் கூடாது. சிவப்பணுக்களிலும் கேட்டலேஸ் உண்டு.

2. ஆக்சிடேஸ். சுவாசச் சங்கிலியின் கடைசியில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறதா என்று கேட்கும் சோதனை. வினைப்பொருள் தோய்ந்த தாளில் காலனியைத் தேய்த்தால் சில வினாடிகளில் கரும் ஊதா தோன்ற வேண்டும். சூடோமோனாஸும் காலரா தரும் விப்ரியோவும் பாசிட்டிவ். ஈ.கோலை, சால்மொனெல்லா உள்ளிட்ட குடல் பாக்டீரியாக் குடும்பம் ஏறக்குறைய முழுவதும் நெகட்டிவ். பாக்டீரியாவை எடுக்கும் நிக்ரோம் கம்பி வளையத்தால் (லூப்) தேய்த்தால் உலோகமே நிறத்தைத் தந்து ஏமாற்றும். மரக்குச்சியோ பிளாஸ்டிக் லூப்போ வேண்டும். தாளைச் சில நிமிடம் கிடக்கவிட்டால் காற்றாலேயே ஊதாவாகும். அதைப் பாசிட்டிவ் என்று எழுதக் கூடாது.

இம்விக்: நான்கு கேள்விகள்

இன்டோல், மெத்தில் ரெட், வோகஸ்-ப்ராஸ்கவர், சிட்ரேட் ஆகிய நான்கின் முதலெழுத்துகளைச் சேர்த்ததுதான் இம்விக். குடிநீரில் காணும் ஒரு பாக்டீரியா மலத்திலிருந்து வந்ததா, மண்ணிலோ செடியிலோ இருந்ததா என்ற பொதுச் சுகாதாரக் கேள்விக்காக இந்தச் சோதனைகள் ஒன்றுசேர்க்கப்பட்டன. மலத்தில் வரும் ஈ.கோலையையும், அதுபோலவே லாக்டோஸை (பால் சர்க்கரையை) புளிக்க வைக்கும், மண்ணிலும் செடியிலும் காணும் ஏரோஜீனஸ் வகையையும் பிரிக்க வேண்டியிருந்தது.

இன்டோல்: டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தை உடைக்கும் நொதி இருந்தால் இன்டோல், பைருவிக் அமிலம், அமோனியா மூன்றும் கிடைக்கும். கோவாக்ஸ் வினைப்பொருளைச் சில துளி விட்டால், அதிலுள்ள அமைல் ஆல்கஹால் மேலே மிதந்து, இன்டோலை உறிஞ்சி, செர்ரிச் சிவப்பு வளையமாக நிற்கும். ஈ.கோலை பாசிட்டிவ்.

மெத்தில் ரெட், வோகஸ்-ப்ராஸ்கவர்: இவை இரண்டும் ஒரே குழாயிலிருந்து வருபவை, ஒன்று பாசிட்டிவ் என்றால் மற்றது பெரும்பாலும் நெகட்டிவ். காரணம் தெரிந்தால் மனப்பாடம் வேண்டாம். குளுக்கோஸ் உடைந்து பைருவிக் அமிலமாவது வரை எல்லாக் குடல் பாக்டீரியாக்களும் ஒரே பாதையில் போகின்றன. அங்கே பாதை பிரிகிறது. ஈ.கோலை லாக்டிக், அசிட்டிக், சக்சினிக், ஃபார்மிக் எனப் பல அமிலங்களைக் கொட்டுகிறது. ஊடகத்தில் அமிலத்தன்மை மாறாமல் தாங்கும் கரைசலாக பாஸ்பேட் இருந்தும் பிஎச் 4.4க்குக் கீழே இறங்கிவிடும். மெத்தில் ரெட் என்ற நிறங்காட்டி சிவப்பாகவே நிற்கும். ஏரோஜீனஸ் வகை அதே பைருவிக் அமிலத்தின் பெரும்பகுதியை அசிட்டாயின் வழியாக 2,3-பியூட்டேன்டயால் என்ற நடுநிலைப் பொருளாக மாற்றிவிடுகிறது. அமிலம் குறைவு, மெத்தில் ரெட் மஞ்சளாகும். ஆல்ஃபா நாஃப்தாலும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் சேர்த்துக் குலுக்கினால், அசிட்டாயின் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து டயசிட்டைலாக மாறிச் சிவப்பு தரும். இதுதான் வோகஸும் ப்ராஸ்கவரும் 1898இல் கவனித்த நிறம்.

நேரக்கணக்கின் காரணமும் இதில் இருக்கிறது. முதல் நாளில் இரண்டு வகையும் அமிலத்தை வெளியேற்றுகின்றன. ஏரோஜீனஸ் வகை நடுநிலைப் பாதைக்கு முழுமையாகத் திரும்பச் சற்று நேரம் எடுக்கும். எனவே மெத்தில் ரெட் சோதனைக்கு 48 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். 18 மணி நேரத்தில் பார்த்தால் இரண்டுமே சிவப்பாகத் தெரியலாம். வோகஸ்-ப்ராஸ்கவர் குழாயைக் குலுக்காமல் விட்டால் ஆக்சிஜன் போதாமல் நிறம் வராது.

சிட்ரேட்: சிம்மன்ஸ் ஊடகத்தில் கார்பனுக்கு சிட்ரேட் மட்டும், நைட்ரஜனுக்கு அம்மோனியம் உப்பு மட்டும். சிட்ரேட்டை செல்லுக்குள் இழுக்கும் கடத்திப் புரதம் உள்ளவை வளரும். ஊடகம் காரமாகிப் பச்சை கருநீலமாகும். இங்கே இடும் பாக்டீரியா மிகக் கொஞ்சமாக இருக்க வேண்டும். லூப்பில் அள்ளி அப்பினால், பழைய ஊடகத்தின் சத்தும் கூடவே வந்து பொய்யான வளர்ச்சியைக் காட்டும்.

ஈ.கோலை இதில் நெகட்டிவ். அதன் செல்லுக்குள் சிட்ரேட்டைக் கையாளும் நொதிகள் உண்டு. ஆக்சிஜன் இருக்கும்போது அதை உள்ளே கொண்டுவரும் வாசல்தான் திறப்பதில்லை. அமெரிக்காவில் ரிச்சர்ட் லென்ஸ்கி 1988இல் தொடங்கிய நீண்டகால ஆய்வில், 12 குடுவைகளில் ஈ.கோலை நாள்தோறும் புது ஊடகத்துக்கு மாற்றப்பட்டு வளர்க்கப்பட்டது. 31,000 தலைமுறைகளைத் தாண்டிய பின் ஒரே ஒரு குடுவையில் சிட்ரேட்டைத் தின்னும் ஈ.கோலை தோன்றியது, 2008இல் அது வெளியிடப்பட்டது. பாடநூலின் '−' குறி ஒரு பழக்கத்தைக் குறிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

சுருக்கமாக, ஈ.கோலை: + + − −. ஏரோஜீனஸ் வகை: − − + +.

ஒரே குழாயில் பல பதில்கள்: டி.எஸ்.ஐ.

டிரிபிள் சுகர் அயர்ன் அகார் யோசித்து வடிவமைத்த ஊடகம். லாக்டோஸ் 1%, சுக்ரோஸ் 1%, குளுக்கோஸ் மட்டும் 0.1%. இந்தப் பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. குழாயைச் சாய்த்து உறைய வைப்பதால் மேலே காற்றுபடும் சாய்வும், கீழே காற்று குறைந்த அடிப்பகுதியும் கிடைக்கும். ஊசியால் அடிவரை குத்தி, சாய்வில் கோடிழுப்பார்கள்.

1. குளுக்கோஸை மட்டும் புளிக்க வைக்கும் பாக்டீரியா முதல் சில மணி நேரத்தில் முழுக் குழாயையும் மஞ்சளாக்கும். 0.1% சீக்கிரம் தீர்ந்துவிடும். சாய்வில் ஆக்சிஜன் துணையோடு பெப்டோனை உடைக்கத் தொடங்கும். சாய்வு சிவப்பாகத் திரும்பும், அடிப்பகுதி மஞ்சளாகவே நிற்கும். சால்மொனெல்லாவும் சீதபேதி தரும் ஷிகெல்லாவும் இப்படித்தான்.

2. லாக்டோஸையோ சுக்ரோஸையோ புளிக்க வைப்பவற்றுக்குச் சர்க்கரை தாராளம். சாய்வும் அடியும் மஞ்சள்.

3. எந்தச் சர்க்கரையையும் புளிக்க வைக்காத சூடோமோனாஸில் மஞ்சளே வராது.

4. தயோசல்பேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு உண்டாக்குபவை இரும்பு உப்போடு சேர்ந்து கறுப்பாக்கும். அந்தக் கறுப்பு அடிப்பகுதியின் மஞ்சளை மறைத்தால், அங்கே அமிலம் உண்டு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

5. அகார் வெடித்திருந்தாலோ மேலே தூக்கப்பட்டிருந்தாலோ வாயு.

இதைப் படிக்க வேண்டிய நேரம் 18 முதல் 24 மணி. 10 மணி நேரத்தில் பார்த்தால் முதல் வகையும் இரண்டாம் வகைபோல் தெரியும். வெகுநேரம் கழித்துப் பார்த்தால் இரண்டாம் வகையும் சிவக்கத் தொடங்கலாம். மூடியை இறுக்கிவிட்டால் ஆக்சிஜன் போகாமல் சாய்வு மஞ்சளிலேயே தங்கிவிடும்.

டைபாய்டு தரும் சால்மொனெல்லா டைஃபி இங்கே தனி ரகம். அதன் உறவினர்கள் குழாயைக் கறுப்பாக்கி வாயுவும் தரும்போது, இது குத்திய கோட்டின் அருகே மெல்லிய கறுப்பு மட்டும் காட்டும், வாயு இல்லை. 'சால்மொனெல்லா என்றால் கறுப்பு' என்று மட்டும் படித்தவர் இதைத் தவறவிடுவார்.

ஆய்வகத்துக்கு வெளியே இதே வினைகள்

யூரியேஸ் நொதி யூரியாவை அமோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைக்கிறது. ஃபீனால் ரெட் கலந்த ஊடகம் பளிச்சென்ற இளஞ்சிவப்பாகும். புரோட்டியஸ் சில மணி நேரத்தில் மாற்றிவிடும், கிளெப்சியெல்லா மெதுவாக. சிறுநீர்ப் பாதையில் புரோட்டியஸ் புகுந்தால் இதே வினை சிறுநீரைக் காரமாக்கி, ஒருவகைச் சிறுநீரகக் கல் உருவாகக் காரணமாகிறது. இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரியும் யூரியேஸால்தான் அமிலத்தில் தாக்குப்பிடிக்கிறது. எண்டோஸ்கோப்பியில் எடுத்த சிறு திசுத்துண்டை யூரியா ஊடகத்தில் போட்டு நிறம் பார்க்கும் மருத்துவமனைச் சோதனையும், செய்முறை வகுப்பின் யூரியா குழாயும் ஒரே தத்துவம்.

ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக்கு இந்திய வரலாறு ஒன்று உண்டு. குவாலியரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1982இல், குடிநீரைச் சிறு புட்டியில் ஊற்றி வைத்துக் கறுத்தால் மலக்கலப்பு என்று சந்தேகிக்கும் எளிய முறையை வெளியிட்டார்கள். மின்சாரமும் ஆய்வகமும் இல்லாத ஊர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் ஈ.கோலை பொதுவாக ஹைட்ரஜன் சல்பைடு உண்டாக்காது. மலத்தில் அதனோடு சேர்ந்து வரும் சிட்ரோபாக்டர், கிளாஸ்ட்ரிடியம் போன்றவைதான் புட்டியைக் கறுப்பாக்குகின்றன. கறுத்த புட்டி தண்ணீரைப் பற்றிய எச்சரிக்கை. அதை வைத்து ஓர் இனத்தின் பெயரை எழுத முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு குழாயின் முடிவுகள் இப்படி வருகின்றன என்று வைத்துக்கொள்வோம்.

1. கிராம் நெகட்டிவ் குச்சி, ஆக்சிடேஸ் நெகட்டிவ். சூடோமோனாஸும் விப்ரியோவும் விலகுகின்றன. குடல் குடும்பத்துக்குள் வந்துவிட்டோம்.

2. லாக்டோஸைப் புளிக்க வைப்பவை இளஞ்சிவப்பாகத் தெரியும் மெக்கான்கி அகாரில் இளஞ்சிவப்புக் காலனி, சளிபோல் வழவழப்பு. லாக்டோஸ் புளிக்கிறது. சால்மொனெல்லா, ஷிகெல்லா, புரோட்டியஸ் பின்னுக்குப் போகின்றன.

3. இம்விக் − − + +. ஈ.கோலை இல்லை.

4. மீதியில் முக்கியமானவை இரண்டு: கிளெப்சியெல்லா நிமோனியே, கிளெப்சியெல்லா ஏரோஜீனஸ். பாதி கெட்டியான அகாரில் குத்திய கோட்டை விட்டுப் பரவவில்லை, அதாவது நீந்தவில்லை. யூரியேஸ் மெதுவாகப் பாசிட்டிவ். இரண்டும் நிமோனியேயைக் காட்டுகின்றன. ஏரோஜீனஸ் நீந்தும், அதற்கு யூரியேஸ் கிடையாது.

பழைய நூல்களில் 'என்டிரோபாக்டர் ஏரோஜீனஸ்' என்று தேடிக் குழம்புவோருக்கு: 2017இல் அது கிளெப்சியெல்லா பேரினத்துக்கு மாற்றப்பட்டது. குழாயில் அது காட்டும் நிறங்கள் முன்பு இருந்தவைதான்.

இந்த வரிசையில் ஒவ்வொரு படியும் சில பெயர்களை நீக்கியது. எந்த ஒரு சோதனையும் தனியாகப் பெயரைத் தரவில்லை. ஆகவே ஒவ்வொரு தொகுதியோடும் மூன்று குழாய்கள் கூடுதலாக வைக்க வேண்டும்: நிச்சயமாகப் பாசிட்டிவ் தரும் இனம் ஒன்று, நிச்சயமாக நெகட்டிவ் தரும் இனம் ஒன்று, எதுவும் இடாத வெறும் ஊடகம் ஒன்று. பல செய்முறை வகுப்புகளில் செலவைக் குறைக்க முதலில் கைவிடப்படுவது இவைதான். இவை இல்லாத '−' குறி பாக்டீரியாவைப் பற்றியதா, கெட்டுப்போன வினைப்பொருளைப் பற்றியதா என்று சொல்ல வழியில்லை.

வீட்டுக்குப் போகும் பாக்டீரியா

2010-11இல் அமெரிக்காவில் 38 மாநிலங்களில் 109 பேருக்கு சால்மொனெல்லா டைஃபிமூரியம் தொற்று ஏற்பட்டது, ஒருவர் இறந்தார். அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் தேடியபோது, தொற்று மருத்துவ ஆய்வகங்களையும் கற்பித்தல் ஆய்வகங்களையும் நோக்கிப் போனது. காரணமான ரகம் ஆய்வகங்களுக்கு விற்கப்படும் ஒன்று. ஆய்வகத்தில் படிப்பவர், வேலை செய்பவர் வீடுகளில் இருந்த குழந்தைகளும் நோயுற்றனர். ஆய்வகத்துக்கே போகாத குழந்தைக்கு அது பேனா, நோட்டு, கைபேசி, மேலங்கி, கழுவாத கை வழியாகத்தான் போக முடியும். ஆய்வக மேசைக்கெனத் தனிப் பேனா, அங்கேயே தங்கும் மேலங்கி, வேலை மேசைக்கு வராத ரெக்கார்டு நோட்டு ஆகியவற்றைக் கட்டாயமாக்க எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை.

எண்ணாக மாறும் நிறங்கள், அவற்றின் எல்லை

மருத்துவ ஆய்வகங்கள் இதே வினைகளைச் சிறு கிண்ணங்களில் அடுக்கிய பட்டைகளாகப் பயன்படுத்துகின்றன. ஏ.பி.ஐ. 20இ பட்டையில் 20 சோதனைகள், ஆக்சிடேஸோடு 21. மூன்று மூன்றாகப் பிரித்து, பாசிட்டிவுக்கு 1, 2, 4 என மதிப்பிட்டுக் கூட்டினால் ஏழு இலக்க எண் வரும். அந்த எண்ணுக்குத் தரவுத்தொகுப்பு தருவது ஒரு பெயரும், அது எவ்வளவு பொருந்துகிறது என்ற சதவீதமும். மாணவரின் அறிக்கையிலும் 'இது ஈ.கோலை' என்பதைவிட 'இந்தச் சோதனைகள் ஈ.கோலையோடு ஒத்துப்போகின்றன' என்று எழுதுவதே சரி என்பேன்.

இப்போது பெரிய மருத்துவமனைகளில் மால்டி-டாஃப் கருவி, பாக்டீரியாவின் புரதங்களை எடைபோட்டுச் சில நிமிடங்களில் பெயர் சொல்கிறது. 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணு வரிசையும் பார்க்கலாம். ஆனால் இந்த இரண்டும் தடுமாறும் ஓர் இடம் உண்டு: ஈ.கோலையும் ஷிகெல்லாவும். மரபணு அடிப்படையில் ஷிகெல்லா ஈ.கோலைக்குள்ளேயே அடங்கும் அளவுக்கு நெருக்கம். சீதபேதி தரும் உயிரி என்பதால் மருத்துவம் தனிப்பெயரைக் காத்துவருகிறது. இங்கே பழைய குழாய்கள் இன்னும் கைகொடுக்கின்றன. ஷிகெல்லா நீந்தாது, லைசின் அமினோ அமிலத்தை உடைக்காது, குளுக்கோஸிலிருந்து பொதுவாக வாயு தராது. நீந்தாத, லாக்டோஸைப் புளிக்க வைக்காத ஈ.கோலை ரகங்களும் உண்டு என்பதால் அதுவும் போதாமல் போவதுண்டு. அப்போது ஆய்வகம் கண்ணாடித் தகட்டில் ஒரு துளி எதிர்ச்சீரத்தை (குறிப்பிட்ட பாக்டீரியாவோடு ஒட்டும் எதிர்ப்பொருள் உள்ள ரத்தநீரை) விட்டு, பாக்டீரியாவைக் கலந்து, அது திரிகிறதா என்று பார்க்கும்.